லீவுக்குப் பயணப் புத்தகம்: எதைப் பார்த்து வாங்கறது, எப்படிப் படிக்க வைக்கறது

வணக்கம்ங்க. பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டுக்கு வீடு ஒகேனக்கலா, கே.ஆர்.பி. டேமா, தீர்த்தமலையான்னு பேச்சு ஓடிக்கிட்டிருக்கும். அதோட சேர்த்து, "புள்ளைக்கு ஊர் சுத்தற மாதிரி கதைப் புத்தகம் ஏதாச்சும் சொல்லுங்க"ன்னு கேட்கறவங்களுக்காக இந்த வீடியோ. சின்னப் பசங்களுக்கும் இருக்கு, பத்தாவது பன்னெண்டாவது படிக்கறவங்களுக்கும் இருக்கு.

கடையில அட்டையில ரயிலும் கப்பலும் மலையும் போட்ட புத்தகம் எக்கச்சக்கமா கிடக்கும். அதுல பாதி பயணப் புத்தகமே கிடையாது. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். கதையில வர்ற ஊர்ப் பேரை மனசுக்குள்ள மாத்திப் பாருங்க. ஊட்டின்னு இருக்கறதை ஏற்காடுன்னு மாத்தினாலும் கதை அப்படியே ஓடுதுன்னா, அங்க ஊர் வெறும் திரைச்சீலை. நல்ல பயணக் கதையில தூரம், வண்டி, வெயில், பாதை இதெல்லாம்தான் கதையையே திருப்பும். ரயில் லேட்டானா கதை மாறணும். ஆத்துல தண்ணி ஏறினா கதை மாறணும்.

இதுக்கு ஜூல் வெர்ன் எழுதின எண்பது நாள் உலகப் பயண நாவலை எடுத்துக்குவோம். எண்பது நாள்ல உலகத்தைச் சுத்தி வந்துடுவேன்னு ஃபாக்னு ஒருத்தர் பந்தயம் கட்டிக் கிளம்பற கதை. பிரெஞ்சுல 1872ல பத்திரிகைத் தொடரா வந்து, மறு வருஷம் புத்தகமாச்சு. தமிழ்ல சுருக்கப் பதிப்பு பலது கிடைக்குது. வாங்கறதுக்கு முன்னாடி நின்னு ரெண்டு இடத்தைப் பாருங்க.

முதல் இடம் ஆரம்பத்துலயே வரும் பயண அட்டவணை. லண்டன்ல இருந்து சூயஸ் 7 நாள், சூயஸ்ல இருந்து பம்பாய் 13, பம்பாய் கல்கத்தா 3, கல்கத்தா ஹாங்காங் 13, ஹாங்காங் யோகோஹாமா 6, யோகோஹாமா சான் பிரான்சிஸ்கோ 22, சான் பிரான்சிஸ்கோ நியூயார்க் 7, நியூயார்க் லண்டன் 9. கூட்டிப் பாருங்க, சரியா 80. இந்த அட்டவணையை வெட்டிட்ட பதிப்பு வேண்டாம். ஏன்னா கதை பூரா இந்தக் கணக்கு மேலதான் நிக்குது. பம்பாய்ல இருந்து கல்கத்தாவுக்கு ரயில் முழுசாப் போகுதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான், நம்பிக் கிளம்புறாங்க; நடுவுல சுமார் 50 மைலுக்குத் தண்டவாளமே போடலை. அதனால 2,000 பவுண்டு குடுத்து யானை வாங்கறாரு ஃபாக். நேர அட்டவணை தெரிஞ்ச பையனுக்கு அந்த யானை ஏன் அவ்வளவு விலைன்னு புரியும். தெரியாதவனுக்கு அது வெறும் யானை சவாரி.

ரெண்டாவது இடம் கடைசி. அவர் கிழக்குப் பக்கமாவே போறாரு. ஒவ்வொரு தீர்க்கரேகை பாகைக்கும் 4 நிமிஷம் மிச்சமாகுது. 360ஐ 4ஆல பெருக்கினா 1,440 நிமிஷம், அதாவது 24 மணி நேரம். அவர் எண்பது தடவை சூரியன் உச்சிக்கு வர்றதைப் பார்த்திருக்காரு, லண்டன்ல இருந்தவங்க 79 தடவைதான் பார்த்திருக்காங்க. சில சுருக்கத்துல "எப்படியோ ஒரு நாள் கூடிடுச்சு"ன்னு ஒத்தை வரியில முடிச்சிடுவாங்க. அந்த மாதிரி இருந்தா திருப்பி அலமாரியில வெச்சிடுங்க. இன்னொண்ணு: அட்டையில பெரிய பலூன் படம் இருக்கும். அது 1956ல வந்த சினிமாவோட கைவேலை. நாவல்ல அவங்க பலூன்ல போறதே இல்ல. அட்டையில பலூன் இருந்தா உள்ளே தப்பா இருக்கும்னு அர்த்தமில்லை, ஆனா இன்னும் கொஞ்சம் கவனமாப் புரட்டிப் பாருங்க.

இந்த 4 நிமிஷக் கணக்கை நம்ம மொட்டை மாடியிலயே செஞ்சு காட்டலாம், அதான் எனக்கு இந்தப் புத்தகம் ரொம்பப் பிடிக்கறதுக்குக் காரணம். இந்திய நேரம் 82.5 பாகைக்கு வெச்சது. தர்மபுரி கிட்டத்தட்ட 78.2 பாகையில இருக்கு. வித்தியாசம் 4.3, அதை 4ஆல பெருக்கினா சுமாரா 17 நிமிஷம். அதாவது நமக்கு நிஜ உச்சி வெயில் 12 மணிக்கு இல்ல. சராசரியா 12.17க்கு. மே மாசத்துல சூரியன் கொஞ்சம் முந்திக்கும், அதனால 12.14 வாக்குல வரும். ஓசூர்ல இன்னும் ஒரு நிமிஷம் சொச்சம் தாமதம்.

செய்யறது இப்படி. ஒரு மீட்டர் நேர் குச்சி ஒண்ணு, சமமான தரை, சாக்பீஸ். குச்சியை மண்ணு நிரப்பின வாளியில செங்குத்தா நட்டுங்க. நூல்ல கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேரா இருக்கான்னு பார்த்துக்குங்க. 11.50ல இருந்து 12.40 வரைக்கும் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழலோட முனையில புள்ளி. எது குச்சிக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கோ அதுதான் உச்சி. சிக்கல் எங்க வரும்னா, குச்சி சாய்ஞ்சிருந்தா மொத்தக் கணக்கும் போச்சு. நம்ம ஊர்ல மே மாச மத்தியான நிழல் ஒரு மீட்டர் குச்சிக்கே 5ல இருந்து 17 சென்டிமீட்டர்தான் இருக்கும், அதனால துளி சாய்வு போதும் கெடுக்க. ஒரு அடி ஸ்கேல் வெச்செல்லாம் செய்யாதீங்க. இன்னொரு விஷயம், அந்த நிழல் தெற்கே விழும். வடக்கே இல்ல. ஏப்ரல் நாலாவது வாரத்துலயே சூரியன் நம்ம தலைக்கு நேரா வந்து வடக்கே தாண்டிடும், அதான். தொப்பி போட்டுவிட்டு விடுங்க பசங்களை, தண்ணி பக்கத்துல இருக்கட்டும்.

சத்யஜித் ராய் எழுதின, ஃபெலுடாங்கற துப்பறிவாளரோட கதைகள் 11, 12 வயசுக்குச் சரியா இருக்கும், தமிழ்லயும் வந்திருக்கு. 'சோனார் கெல்லா' 1971ல எழுதினது. தங்கக் கோட்டையைத் தேடி ராஜஸ்தான் போற கதை. ஜெய்சல்மர் கோட்டை மஞ்சள் மணற்கல்லுல கட்டினதுதான் அந்தத் தங்கத்துக்குக் காரணம். ஊரை மாத்திப் பார்க்கற சோதனையில இது அருமையா நிக்கும். படிக்கறப்ப பக்கத்துல இந்திய ரயில்வே வரைபடம் ஒண்ணு இருக்கட்டும், அவ்வளவுதான் தேவை.

பழைய ஆங்கிலக் கதைகளோட சுருக்கம் வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. கலிவர் 1726ல வந்த புத்தகம், அதுல நாலு பயணம். சிறுவர் பதிப்பு பெரும்பாலும் குள்ளர் தேசத்தோட, மிஞ்சிப் போனா ராட்சதர் தேசத்தோட நின்னுடும். எட்டு வயசுக்கு அது போதும். பதினாலு வயசுக்காரருக்கு அதையே குடுத்தா "சின்னப் புள்ளைக் கதை"ன்னு தூக்கிப் போட்டுடுவாங்க, நியாயம்தான். பொருளடக்கத்துல எத்தனை பயணம் இருக்குன்னு எண்ணிப் பார்த்து வாங்குங்க. புத்தகத் திருவிழாவுல வழக்கமா 10 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும், ஆனா அவசரத்துல அட்டையைப் பார்த்து வாங்கறதும் அங்கதான் அதிகம் நடக்குது.

ஏழு வயசுக்குக் கீழ இருக்கற பசங்களுக்குக் காசு குடுத்தே வாங்கணும்னு இல்ல. ஸ்டோரிவீவர்னு பிரதம் புக்ஸ் நடத்தற இணையதளம், தமிழ்ப் படக்கதை இலவசமா இறக்கிக்கலாம், அச்செடுத்துக்கலாம். பஸ், ரயில், சந்தைன்னு தேடினாலே வரும். லெவல் 1ல 250 வார்த்தைக்குள்ள, லெவல் 2ல 600 வரைக்கும், லெவல் 3ல 1,500 வரைக்கும் இருக்கும். தமிழ்ல வார்த்தை நீளம், அதனால இங்கிலீஷ்ல லெவல் 2 படிக்கற குழந்தைக்குத் தமிழ்ல லெவல் 1ல இருந்து ஆரம்பிக்கறது நல்லது.

ஜெராக்ஸ் கடைக்குப் போறவங்க இதைக் கவனிங்க. பக்கம் நெட்டுவாக்குல இருந்தா 'புக்லெட்'னு ஒரு வசதி பிரிண்ட் மெனுவுல இருக்கும், அதைப் போடச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் அச்சாகறப்ப தாளைக் குட்டை ஓரத்துல திருப்பணும். நீள ஓரத்துல திருப்பினா ஒண்ணு விட்டு ஒரு பக்கம் தலைகீழா வரும். மொத்தப் பக்கம் 4ஆல வகுபடணும், இல்லேன்னா கடைசியில வெத்துப் பக்கம் விழும். ஆனா படக்கதை நிறைய படுக்கைவாக்குலதான் இருக்கும். அதுக்கு புக்லெட் போட்டா படம் தபால்தலை சைஸுக்குச் சுருங்கிடும். அதுக்குப் பதிலா ஏ4 தாளை நெட்டுவாக்குல வெச்சு, மேல ஒரு பக்கம் கீழ ஒரு பக்கம்னு ஒத்தைப் பக்கமா அச்செடுத்து, நடுவுல வெட்டி, வரிசையா அடுக்கி, இடது ஓரத்துல ரெண்டு ஸ்டேப்ளர் பின். முடிஞ்சது.

இந்தப் புத்தகத்தைப் பஸ்ல குடுத்துடாதீங்க. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கம், சேலம் போறப்ப தொப்பூர் கணவாய், இங்கெல்லாம் குனிஞ்சு படிச்சா வாந்தி நிச்சயம். கண்ணு பக்கத்தையே பார்க்குது, அது அசையலைன்னு சொல்லுது. காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பு, வண்டி வளைஞ்சு வளைஞ்சு போகுதுன்னு சொல்லுது. ரெண்டும் ஒத்துப் போகாம மூளை குழம்பறதுதான் குமட்டல். ரெண்டு வயசுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் இது ஜாஸ்தி. பஸ்ல முன் பக்கம் சீட்டு, தூரத்துல பார்வை, நீங்க வாயால கதை சொல்லுங்க. புத்தகத்தை ரயில்ல எடுங்க. தர்மபுரியில ஏறி பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர்னு போற பெங்களூரு வண்டியில நிம்மதியாப் படிக்கலாம், பஸ் மாதிரி தூக்கிப் போடாது.

படிச்சாச்சு, ஊருக்கும் போறீங்க, இனி புள்ளையே ஒரு பயணப் புத்தகம் செய்யட்டும். ஏ4 தாள் ஒண்ணுல 8 பக்கம் வரும், ஒரு பக்கம் சுமார் 7.4க்கு 10.5 சென்டிமீட்டர். சட்டைப் பையில போகும். தாளை மூணு தடவை பாதி பாதியா மடிச்சுப் பிரிச்சா எட்டுக் கட்டம் தெரியும். இப்ப குட்டை ஓரங்கள் ஒண்ணோட ஒண்ணு சேர்ற மாதிரி ஒரே ஒரு மடிப்பு மடிங்க. மடிப்பு இருக்கற பக்கத்துல இருந்து நடுக்கோட்டு மேல ஒரு கட்டம் மட்டும் கத்தரிங்க, அடுத்த குறுக்குக் கோடு வந்ததும் நிறுத்திடணும். முழுசாப் பிரிச்சா நடுவுல ஒரு பிளவு இருக்கும். நீளவாக்குல மடிச்சு, ரெண்டு முனையையும் பிடிச்சு உள்பக்கமாத் தள்ளுங்க. பிளவு விரிஞ்சு கூட்டல் குறி மாதிரி நிக்கும், அப்படியே சுத்தி மடிச்சா புத்தகம். திறந்த ஓரத்துல இருந்து வெட்டினா தாள் ரெண்டு காலா விரிஞ்சு போய்டும், எல்லாரும் தப்பு பண்றது அங்கதான். சாதாரண ஜெராக்ஸ் தாள், 70ல இருந்து 80 ஜி.எஸ்.எம்., அதுவே சரி. சார்ட் பேப்பர் மடியாது.

எழுதறது பென்சில்ல. ஒகேனக்கல் சாரலுக்கு ஜெல் பேனா மை கரைஞ்சு ஓடிடும்.

முதல்ல வரைபடம், அப்புறம்தான் எழுத்து. இதுக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கு: ஸ்டீவன்சன் 'புதையல் தீவு' எழுதறதுக்கு முன்னாடி, 1881ல, அந்தத் தீவோட படத்தைத்தான் வரைஞ்சாரு, கதை அந்தப் படத்துல இருந்து முளைச்சது. நம்ம பசங்க கிளம்பறதுக்கு முந்தின நாள் தர்மபுரி, இண்டூர், பென்னாகரம், ஒகேனக்கல்னு ஒரு கோட்டுல ஊரை மட்டும் எழுதிக்கட்டும். வழியில மைல்கல் பார்த்து கிலோமீட்டர் நிரப்பட்டும். தலைப்பகுதி மஞ்சளா இருந்தா தேசிய நெடுஞ்சாலை, பச்சையா இருந்தா மாநில நெடுஞ்சாலை. "அருவி அழகா இருந்துச்சு"ன்னு எழுத விடாதீங்க. பரிசல் எதுல செஞ்சிருக்கு, ஒரு பரிசல்ல எத்தனை பேர் ஏறினாங்க, துடுப்பு எந்தப் பக்கம் போட்டாரு, எண்ணெய் மசாஜ் பண்றவங்க எங்க உட்கார்றாங்க, இப்படிக் கேள்வியா கேட்டு வாங்குங்க. ஒரு பக்கத்துக்கு மூணு வரி போதும்.

பதினஞ்சு வயசுக்கு மேல போனவங்களுக்குத் தமிழ்ல தனியா எழுதின பயணப் புத்தகம் குறைச்சல்தான், ஒளிக்க ஒண்ணுமில்ல. அதனால பெரியவங்க புத்தகத்துக்கே நேரா போயிடலாம். ஏ.கே. செட்டியாரோட 'உலகம் சுற்றும் தமிழன்'ல வாக்கியம் சின்னது சின்னதா இருக்கும், பழசா இருந்தாலும் படிக்க இடிக்காது. அவரே காந்தி ஆவணப் படத்துக்காகப் படச்சுருளைத் தேடிக் கண்டம் கண்டமா அலைஞ்ச கதை 'அண்ணல் அடிச்சுவட்டில்'. சினிமா எடுக்க ஆசைப்படற பையன் கையில அதைக் குடுத்துப் பாருங்க. நம்ம பக்கத்துக்கு நெருக்கமா வேணும்னா தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து காவிரிக் கரையோரமாப் போய் எழுதின 'நடந்தாய் வாழி காவேரி'. இதை முதல் பக்கத்துல இருந்து தொடங்கணும்னு கட்டாயப்படுத்தினா 30 பக்கத்துல விட்டுடுவாங்க. கோயில், சரித்திரம்னு அடர்த்தியா எழுதியிருப்பாங்க. தனக்குத் தெரிஞ்ச ஊர் எந்தப் பக்கத்துல வருதுன்னு தேடி அங்கிருந்து ஆரம்பிக்கட்டும், பிடிச்சுப் போனா தானா பின்னாடி போவாங்க. கடையில கிடைக்கலைன்னா மாவட்ட மைய நூலகத்துல பயண இலக்கியம்னு கேளுங்க. அலமாரியில பேர் தெரியலைன்னா ஆசிரியர் பேரைச் சொல்லித் தேடச் சொல்லுங்க, தலைப்பைவிட அது சீக்கிரம் கிடைக்கும்.