வெள்ளிக் காசில் கரும்புள்ளியா? தேய்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

வணக்கம். இந்தக் காசைக் கேமராவுக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டு வருகிறேன். பளிச்சென்று இருக்கிறது, இல்லையா? இதுதான் நான் கெடுத்த காசு. சேகரிக்கத் தொடங்கிய புதிதில், ஒரே ஒரு கரும்புள்ளி உறுத்துகிறதே என்று பற்பசை போட்டுத் தேய்த்துவிட்டேன். புள்ளி போய்விட்டது. இப்போது விளக்குக்குக் கீழே சாய்க்கிறேன், பாருங்கள். மயிரிழை மாதிரி எத்தனை கீறல்! பற்பசையில் இருப்பது தேய்க்கும் பொடி. பல்லின் எனாமல் வெள்ளியைவிடக் கடினம் என்பதால் தாங்குகிறது, வெள்ளி தாங்காது.

சரி, அந்தக் கருப்பு என்ன? மேலே ஒட்டிய அழுக்கு என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. காற்றில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு உண்டாகிறது. அந்தக் கருப்புக்குள் இருப்பதும் உங்கள் காசின் வெள்ளிதான். அதைச் சுரண்டினால் காசின் தோலையே உரிக்கிறீர்கள்.

இந்தப் படலம் மெல்லிசாக இருக்கும்போது மஞ்சளாகத் தெரியும். தடிக்கத் தடிக்க ஊதா, நீலம் என்று மாறி, கடைசியில் கருப்பு. சோப்புக் குமிழியில் நிறம் ஓடுகிறதே, அதே ஒளி விளையாட்டுதான். சேகரிப்பவர்கள் இதை டோனிங் என்பார்கள். அழகாகப் படிந்திருந்தால் கூடுதல் விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. நீங்களோ அதைக் கழுவப் பார்க்கிறீர்கள்!

இப்போது இன்றைய காசு. இதில் இரண்டு சிக்கல். எழுத்துப் பக்கம் மூன்று கரும்புள்ளிகள், ஓரத்தில் பச்சையாக ஏதோ. புள்ளி பெரும்பாலும் எச்சில் திவலை விழுந்து வருவது. காசை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பேசக் கூடாது. ஆமாம், நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். கீழே வைத்துவிடுகிறேன்.

பச்சையை மரப் பல்குச்சி நுனியால் மெதுவாகத் தொடுகிறேன். பிசுபிசுவென்று இழுபடுகிறது. அப்படியென்றால், காசு போட்டு வைக்கும் பழைய பிவிசி பிளாஸ்டிக் உறை கசிந்த பிசின். கெட்டியாக, பொடியாக இருந்தால் அது செப்புக் களிம்பு. பழைய வெள்ளிக் காசுகள் சுத்த வெள்ளி அல்ல. 90 சதவீதம் வெள்ளி, 10 சதவீதம் செம்பு என்ற கலவை பல நாடுகளில் இருந்தது. களிம்பு அந்தச் செம்பிலிருந்து வருவது.

பிசினை விட்டுவைத்தால் காசை அரிக்கும், அதனால் இதை எடுத்தே ஆக வேண்டும். அதற்குச் சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணம், திறந்த ஜன்னல், பக்கத்தில் தீ கூடாது. ஊற வைத்து, புதிய அசிட்டோனில் இன்னொரு முறை முக்கி, தானாக உலர விட வேண்டும். துணி தொடவே கூடாது. அசிட்டோன் பிசினைக் கரைக்கும்; வெள்ளியையும் டோனிங்கையும் தொடாது.

இதோ, ஊறிவிட்டது. பச்சை போய்விட்டது. மூன்று புள்ளியும் அப்படியே இருக்கின்றன.

அப்புறம், அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்டு வெந்நீரில் முக்குவது பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். அது வேலை செய்யும். அலுமினியம் கந்தகத்தை இழுத்துக்கொள்ளும், அழுகிய முட்டை நாற்றம்கூட வரும். ஆனால் மிஞ்சுவது உயிரில்லாத ஒரு வெளிர் வெள்ளை. கரண்டிக்குச் சரி, காசுக்குச் சரியில்லை. காசை முக்கியெடுத்துக் கருப்பை நீக்க விற்கிற, தையோயூரியா என்ற வேதிப்பொருள் கலந்த டிப் திரவமும் ஒவ்வொரு முறையும் மேற்பரப்பைக் கொஞ்சம் தின்றுவிடும். அச்சடித்தபோது உலோகம் ஓடிய நுண்ணிய வரிகளால்தான், காசைச் சுழற்றும்போது ஒளி சக்கரம் மாதிரி சுற்றுகிறது. அந்த வரிகள் கரைந்தால் திரும்ப வராது.

மண்ணுக்கடியில் கிடைத்த காசு என்றால் அதில் வெள்ளி குளோரைடு ஓடு படிந்திருக்கலாம். அதை நிபுணரிடம் கொடுங்கள், அவ்வளவுதான்.

கந்தகம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடுங்கள்: ரப்பர் பேண்டு, கம்பளித் துணி, மலிவான காகித உறை. இந்தக் காசை பிவிசி இல்லாத மைலார் பிளாஸ்டிக் உறைக்கு மாற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வைக்கிறேன். விளிம்பைப் பிடித்துத்தான். மூன்று புள்ளியும் அதிலேயே இருக்கட்டும்.