துணைவேந்தர் நாற்காலிக்குப் போகும் வழி

(பாளையங்கோட்டையில் கல்லூரி ஆசிரியர்கள் நடுவே ஆற்றிய உரை)

அவையோருக்கு வணக்கம். "எங்களை மாதிரிக் கல்லூரி வாத்தியார்கள் துணைவேந்தர் ஆக முடியுமா சார்?" என்று வாசலில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே இந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வயதுக் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி பேராசிரியராக 10 ஆண்டு இருந்திருக்க வேண்டும். அல்லது பெயர்பெற்ற ஆய்வு, கல்வி நிர்வாக நிறுவனத்தில் 10 ஆண்டு அனுபவம் வேண்டும். முனைவர் பட்டத்தோடு உதவிப் பேராசிரியராகச் சேர்கிறவருக்கு, பதவி உயர்வு ஒன்றுகூடத் தள்ளிப்போகாமல் வந்தால், பேராசிரியர் ஆவதற்கு 15 ஆண்டு பிடிக்கும். ஆக மொத்தம் 25. முப்பதில் வேலைக்கு வந்தால் ஐம்பத்தைந்து. நிரந்தர வேலையில்லாமல் கௌரவ விரிவுரையாளராகவே இளமையைக் கழித்தவர்கள் இந்த அவையில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கொடுமையானது. அதோடு, கல்லூரி ஆசிரியருக்கு முன்பெல்லாம் இணைப் பேராசிரியரோடு பெரும்பாலும் பாதை அடைபட்டுவிடும். அந்த அடைப்பைக் கொஞ்சம் திறந்துவிட்டதும் 2018 விதிமுறைதான்.

ஆனாலும் அதற்கு முன்பே ஒருவர் நம் கண்முன் வந்து காட்டினார். நம் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல் தொடங்கியது. அடுத்த இரண்டே ஆண்டில் துணைவேந்தராக வந்தவர் வே. வசந்தி தேவி. அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்தியவர், கல்லூரி முதல்வராக இருந்தவர், ஆசிரியர் இயக்கத்தில் நின்றவர். 1998 வரை இரண்டு முறை அந்தப் பொறுப்பில் இருந்தார். கல்லூரியின் கஷ்டத்தை அவர் கோப்பில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய தகுதி.

ஏன் என்று சொல்கிறேன். திசையன்விளைப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு மதிப்பெண் பட்டியலில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து தப்பாக விழுந்திருக்கிறது என்று வையுங்கள். வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது, சான்றிதழ் கேட்கிறார்கள். இரண்டு பஸ் மாறி, பேட்டை தாண்டி, பல்கலைக்கழகம் இருக்கிற அபிஷேகப்பட்டிக்கு வந்து இறங்குகிறான். கல்லூரிக் கடிதம் இல்லை என்று ஜன்னலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். மறுநாள் கடிதத்தோடு வருகிறான். முதல்வர் முத்திரை இல்லை. அவனுக்கு இரண்டு நாள் கூலி போச்சு. தேர்வாணையர் அலுவலகத்தில் உட்கார்ந்து இந்த முகத்தைப் பார்த்த ஒருவர் துணைவேந்தரானால், முதல் வாரமே அந்த ஜன்னலைச் சரிசெய்வார். பார்க்காதவர் கருத்தரங்கத் தொடக்க உரையோடு மூன்று வருஷத்தையும் முடித்துவிடுவார்.

தேர்வு முறை உங்களுக்குத் தெரிந்ததுதான்: தேடுதல் குழு பெயர்ப்பட்டியல் தரும், வேந்தரான ஆளுநர் அதில் ஒருவரை நியமிப்பார். இப்போது அந்த அதிகாரம் யாருக்கு என்று அரசும் ஆளுநரும் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. நாற்காலி காலியாகக் கிடக்கிற காலத்தில் ஒருங்கிணைப்புக் குழுதான் கையெழுத்துப் போடுகிறது. பணி நியமனம், புதுத் துறை என்று நீண்ட காலத்துக்கான முடிவுகள் தள்ளிப்போகின்றன. அந்த நஷ்டம் நம் பிள்ளைகளுக்கு.

அதனால் தம்பி, பாடத்திட்டக் குழுவுக்குக் கூப்பிட்டால் போங்கள். விடைத்தாள் திருத்தும் முகாமில் தலைமைப் பொறுப்பு தந்தால் தட்டாதீர்கள். ஆட்சிப்பேரவை, அதாவது செனட், தேர்தலில் நில்லுங்கள். அங்கிருந்துதான் ஆட்சிக்குழுவுக்கு, அதாவது சிண்டிகேட்டுக்கு, வழி. நிதிக்குழு அறிக்கையை ஒரு தடவையாவது வரி வரியாகப் படியுங்கள். தேர்வுக் கட்டணம் எங்கிருந்து வந்து எதற்குப் போகிறது என்று அப்போதுதான் பிடிபடும். ஆராய்ச்சியை விட்டுவிடச் சொல்லவில்லை, கட்டுரை இல்லாமல் பட்டியலில் பெயரே வராது. ஆனால் தேடுதல் குழுவில் உட்காருகிறவர்களுக்கு இந்த மேடையிலிருந்து ஒரு கோரிக்கை வைக்கிறேன்: விண்ணப்பித்தவர் எத்தனை கட்டுரை எழுதினார் என்று எண்ணுகிற நேரத்தில், கிராமத்துக் கல்லூரி ஒன்றில் எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்றும் கேளுங்கள்.