கேட்டது அறிவியலையா, கையெழுத்தையா?

(ஓர் ஆசிரியர் கூட்டத்தில் பேசியது. திரும்பத் திரும்பச் சொன்னவற்றை மட்டும் நீக்கிவிட்டு, பேச்சின் போக்கிலேயே எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். சாப்பாடு முடிந்த கையோடு பேச அழைத்திருக்கிறீர்கள். எனக்கே கண் சொக்குகிறது, உங்களைக் குறை சொல்ல மாட்டேன். போன பருவத் தேர்வின் வினாத்தாள் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தவர்கள் பையிலேயே வைத்திருங்கள், கடைசியில் அதற்கு வேலை இருக்கிறது. கொண்டுவராதவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதலாம். பிள்ளைகளை அப்படி நாம் விடுவதில்லை என்பது வேறு கதை.

நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த காலத்தில் ஒரு பையன் இருந்தான். மகரந்தச் சேர்க்கை பாடம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் எழுந்து, "சார், எங்க ஆயா பூசணிக்கொடியில ஆண் பூவப் பறிச்சுப் பெண் பூ மேல தடவும். விடியக்காலையிலயே செய்யணும், வெயில் ஏறினா பூ மூடிக்கும்" என்றான். பெண் பூவை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டேன். பூவுக்கு அடியில் குட்டிக் காய் மாதிரி உருண்டையாக இருக்கும் என்றான். பாடநூல் சூற்பை என்று சொல்வதைத்தான் அவன் தன் வார்த்தையில் சொன்னான். மூன்று வாரம் கழித்துத் தேர்வு வந்தது. 'மகரந்தச் சேர்க்கை - வரையறு', 5 மதிப்பெண். அவன் தாளில் ஒன்றரை வரி இருந்தது. 'மகந்ரதம்' என்று எழுத்துகள் இடம் மாறியிருந்தன. அரை மதிப்பெண் போட்டேன். அந்த அரையும் பாவம் பார்த்துப் போட்டதுதான்.

அன்று நான் எதைச் சோதித்தேன்? அறிவியல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அவன் எழுத்துக்கூட்டும் திறனையும், கையின் வேகத்தையும், 'வரையறு' என்ற சொல்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியுமா என்பதையும் சோதித்திருக்கிறேன். அறிவியலைச் சோதிக்கவே இல்லை. அதை மூன்று வாரம் முன்பே அவன் வாயால் சொல்லி முடித்திருந்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இன்று நான் பேச வந்தது 'கற்றலுக்கான அனைவருக்குமான வடிவமைப்பு' பற்றி. பேர் நீளமாக இருக்கிறது. இதன் வேர் கட்டடக் கலையில் இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ரொனால்ட் மேஸ் என்று ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார். சின்ன வயதில் போலியோ வந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கட்டி முடித்துவிட்டு மாற்றுத்திறனாளிக்கென்று ஓரமாக ஒன்றை ஒட்ட வைக்காதீர்கள், வரைபடம் போடும்போதே எல்லாரையும் கணக்கில் எடுங்கள் என்பது அவர் வாதம். 'அனைவருக்குமான வடிவமைப்பு' என்ற பெயரை வைத்தவரும் அவர்தான்.

ஒட்ட வைப்பது எப்படி இருக்கும் என்று நமக்கு நன்றாகவே தெரியும். வாக்குச்சாவடி வரும் என்று பள்ளிகளில் அவசரமாகச் சரிவுப் பாதை போடுவார்கள். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் 2 அடி உயரத்துக்கு 8 அடி நீளத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். சக்கர நாற்காலி ஏறாது. பையன்கள் சறுக்கி விளையாட அருமையாக இருந்தது. பிறகு இன்னொரு பள்ளியில் முறையாகக் கட்டிய சரிவைப் பார்த்தேன். அங்கே சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை ஒன்றே ஒன்றுதான். ஆனால் சத்துணவு அரிசி மூட்டையும் அதில்தான் ஏறியது, முட்டை அட்டையும் அதில்தான் ஏறியது, மூட்டு வலி வந்த தலைமையாசிரியரும் படியை விட்டுவிட்டு அதில்தான் வந்தார்.

இந்த யோசனையைப் பாடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1984இல் தொடங்கிய காஸ்ட் என்ற அமைப்பினர். டேவிட் ரோஸ், ஆன் மேயர் ஆகியோர் அதை நிறுவியவர்களில் முக்கியமானவர்கள். படிக்கச் சிரமப்படும் குழந்தைகளுக்குக் கணினி மூலம் உதவுவதுதான் அவர்களுடைய முதல் வேலை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கருவி என்று செய்துகொண்டே போனவர்களுக்கு ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தது. பழுது பார்க்க வேண்டியது குழந்தையையா, பாடத்தையா? அச்சடித்த புத்தகம் எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரிதான் நிற்கும். கண் தெரியாவிட்டாலும், எழுத்து கண்ணில் நடனமாடினாலும் அது அசைந்து கொடுக்காது. அப்படியென்றால் இறுகிக் கிடப்பது புத்தகம்.

அவர்கள் மூன்று இடங்களில் வழியை அகலமாக்கச் சொல்கிறார்கள். பிள்ளைக்குப் பாடத்தின்மேல் பிடிப்பு வர ஒன்றுக்கு மேற்பட்ட வழி, பாடம் அதனிடம் போய்ச்சேர ஒன்றுக்கு மேற்பட்ட வழி, கற்றதைக் காட்ட ஒன்றுக்கு மேற்பட்ட வழி. இதைவிட முக்கியமானது இதற்கு முன்னால் வரும் கேள்வி: இந்தப் பாடத்தின் குறிக்கோள் என்ன? குறிக்கோளைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் தளர்த்தலாம். எழுத்துக்கூட்டல்தான் அன்றைய பாடம் என்றால் எழுத்துக்கூட்டலைச் சோதியுங்கள், தாராளமாக மதிப்பெண் குறையுங்கள். பூசணிப் பூவைப் பற்றிக் கேட்கும்போது அது எதற்கு?

இதை இறக்குமதிச் சரக்கு என்று நினைப்பவர்களுக்காக நம் எழுத்துக்கு வருகிறேன். 'கெ' என்று சொல்லிப் பாருங்கள். வாயில் முதலில் வருவது க், அப்புறம் எ. எழுதும்போது கை முதலில் போடுவது கொம்பு, அப்புறம் க. 'கொ' இன்னும் மோசம், எழுத்துக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால். 'கௌ' இருக்கிறதே, அதன் வாலில் நிற்பது அசல் ள போலவே இருக்கும், ஆனால் ள கிடையாது. துணைக்காலுக்கும் ர-வுக்கும் உள்ள வித்தியாசம் கீழே ஒரு சின்னச் சாய்கோடு. நாம் இதையெல்லாம் ஐந்து வயதில் தாண்டி வந்துவிட்டதால் கண்ணில் படுவதே இல்லை. டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் சிரமம் உள்ள குழந்தை தினமும் இதில் தடுக்கி விழுகிறது. நாம் 'கவனம் போதாது' என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதுகிறோம்.

பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயிலைப் பாருங்கள். 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில் 'கெ' என்றால் முதலில் க, அடுத்து எ. வாய் சொல்லும் அதே வரிசை. பார்வையற்ற குழந்தையின் விரலுக்குத் தமிழ் ஒழுங்காகப் போகிறது, பார்வையுள்ள குழந்தைக்குத்தான் வரிசை புரண்டு போகிறது! கணினியில் தமிழ் தட்டச்சு செய்யும் தமிழ்99 விசைப்பலகையும் அப்படித்தான். க தட்டி எ தட்டினால் 'கெ' வந்துவிடும், கொம்பு தானாக முன்னால் போய் நிற்கும். கொம்பில் தடுக்குகிற பிள்ளையை ஒரு தடவை தமிழ்99இல் எழுதவிட்டுப் பாருங்கள். எல்லாப் பிள்ளைக்கும் உதவும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சிலருக்கு உதவும்.

மணலில் எழுதியதும் நம் பழக்கம்தான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பாளராக வந்த ஆண்ட்ரூ பெல், இங்கே குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் வைத்தார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித் தருவதையும் சேர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், 'மதராஸ் முறை' என்றே பரப்பினார். வாய் சொல்லும், காது கேட்கும், கண் பார்க்கும், விரல் உணரும், நான்கும் ஒரே எழுத்தில். இன்றைக்கு டிஸ்லெக்ஸியாவுக்குச் சிறப்புப் பயிற்றுநர்கள் செய்வதும் இந்த வழியைச் சேர்ந்ததுதான். உடனே திண்ணைப் பள்ளிக்கே திரும்பிப் போவோம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பது சாதியைப் பார்த்து முடிவானது. பெண் பிள்ளைகள் அரிது. பிரம்பு வேறு. மணலை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இங்கே இருக்கும் மூத்தவர்களுக்குச் செயல்வழிக் கற்றல் ஞாபகம் இருக்கும். ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியில் நடந்ததைப் பார்த்துவிட்டு, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகளிலேயே மாநிலம் முழுக்க வந்தது. பாடத்தை அட்டைகளாகப் பிரித்தார்கள். ஏணிப்படி வரைந்து, பிள்ளை தன் வேகத்தில் ஏறலாம் என்றார்கள். கம்பிப் பந்தலில் பிள்ளைகள் வரைந்தவை தொங்கின. எனக்கு மிகவும் பிடித்தது கீழ்மட்டக் கரும்பலகை. சுவரைச் சுற்றிலும் பிள்ளையின் உயரத்துக்குத் தாழ்வாகப் பூசிய பலகை, ஆளுக்கு ஒரு துண்டு. அதற்கு முன்னால் கரும்பலகை வாத்தியாருடைய சொத்து. எங்கள் வகுப்பில் காலுக்குத் தாங்கலாகக் காலிப்பர் போட்ட ஒரு பெண் உட்கார்ந்தபடியே தன் பலகையில் எழுதினாள். அவளுக்கென்று யாரும் தனியாக எதுவும் செய்யவில்லை, எல்லாருக்கும் செய்ததில் அவளும் இருந்தாள்.

குறையும் இருந்தது, மறைக்க மாட்டேன். அட்டை கிழிந்தால் புதிது வராது. ஆசிரியர் ஒருவர், நான்கு வகுப்பு, நானூறு அட்டை என்று தடுமாறியவர்கள் உண்டு. அட்டை எண்ணை நிரப்புவதே வேலையாகிப் போன இடங்களும் உண்டு. அப்புறம் வேறு முறைகள் வந்தன, பலகைக்கு மேல் வெள்ளையடித்தார்கள். வெள்ளையடித்ததில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள், கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. 40 சதவீதம் குறைபாடு என்று சான்று இருந்தால்தான் சொல்வதை எழுதுபவரைத் தர முடியும் என்று மறுப்பது தவறு என 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு தேர்வர் குடிமைப் பணித் தேர்வுக்காகப் போட்ட வழக்கு அது.

சலுகைகளை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சலுகை பத்தாம் வகுப்பில் வருகிறது, பிள்ளை தடுக்கி விழுந்தது இரண்டாம் வகுப்பில். நடுவில் எட்டு வருஷம், அதற்குள் 'மக்கு' என்ற பேர் ஊறிப்போயிருக்கும். சான்று வாங்க மருத்துவமனைக்கு நடக்க வேண்டும், நடக்கத் தெரிந்த பெற்றோர் வேண்டும், ஒரு நாள் கூலியை விட வேண்டும். சான்றே இல்லாத பிள்ளைக்கும் வினாத்தாளைச் சத்தமாக ஒரு தடவை வாசித்துக் காட்டலாமே. வகுப்புத் தேர்வில் அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டுப் போய், 'இவன் கண்ணால் கற்பவன், இவள் காதால் கற்பவள்' என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்காதீர்கள். பயிற்சிகளில் இது அடிக்கடி அடிபடுகிறது. அப்படிப் பிரித்துக் கற்பித்தால் நன்றாக வரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008இலேயே ஆய்வாளர்கள் தொகுத்துச் சொல்லிவிட்டார்கள். எல்லா வழியும் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். வேர் பற்றிப் படிக்க ஒரே பிள்ளைக்கு இன்றைக்குப் படம் வேண்டியிருக்கும், பின்னத்துக்கு நாளைக்குப் புளியங்கொட்டை வேண்டியிருக்கும்.

"நாற்பது பிள்ளை சார், நான் ஒருத்தி" என்று முன்வரிசையில் ஒரு டீச்சர் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம். நாற்பது பாடத் திட்டம் போட நான் சொல்லவில்லை. வாயால் சொல்லும் வேலையைப் பலகையிலும் எழுதிப் போடுங்கள். காது மந்தமான பிள்ளைக்காக என்று ஆரம்பித்தால், ஜன்னலுக்கு வெளியே காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தவனும் பிழைத்துக்கொள்வான். கேள்வி கேட்டதும் முதலில் தூக்கும் கையைக் கூப்பிடாமல் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நான்கு வரை எண்ணுவதற்குள் பதிலை நானே சொல்லிவிடுவேன். 2018க்குப் பிறகு வந்த பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது, உங்கள் போனில் ஸ்கேன் செய்து ஓடவிடலாம். போன் இல்லாத நாளில் நன்றாக வாசிக்கும் ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லலாம்.

சரி, இப்போது வினாத்தாளை எடுங்கள். ஏதாவது ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பதில் சொல்லப் பிள்ளைக்கு என்னென்ன வேண்டும் என்று ஓரத்தில் எழுதுங்கள். பொடி எழுத்தை வாசிக்க வேண்டும், 'வரையறு' புரிய வேண்டும், நினைவு வர வேண்டும், வேகமாக எழுத வேண்டும், எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். அதில் உங்கள் பாடத்தின் குறிக்கோள் எதுவோ அதை மட்டும் வட்டமிடுங்கள். வட்டத்துக்கு வெளியே நிற்பதில் ஒன்றையாவது தளர்த்தி, அதே கேள்வியை மறுபடி எழுதுங்கள்.

என் கேள்வியை நான் ஏற்கெனவே மாற்றிவிட்டேன். 'பூசணியில் காய் பிடிக்கப் பூக்களுக்குள் என்ன நடக்க வேண்டும்? எழுதலாம், படம் வரைந்து பெயர் குறிக்கலாம், என்னிடம் வந்து சொல்லலாம்.' இருபது வருஷம் தாமதம்.

பத்து நிமிஷம் தருகிறேன். பன்னிரண்டு வேண்டும் என்பவர்கள் கை தூக்க வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்.