பனிமலை ஓநாயும் நம் மண்ணின் ஓநாயும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஓநாய் என்றதும் நம் பக்கத்தில் முதலில் வாயில் வருவது இந்தப் பழமொழிதான். அப்படிப்பட்ட ஊரில், காட்பாடியிலும் ஆம்பூரிலும் குடியாத்தத்திலும், ஓநாய்த் தலை அச்சடித்த பனியனும், பைக் டேங்கில் ஓநாய் ஸ்டிக்கரும், முன்கையில் ஓநாய்ப் பச்சையும் சாதாரணமாகக் கண்ணில் படுகின்றன. ‘எனக்கும் ஓநாய்க்கும் ஏதோ ஒரு பந்தம்’ என்று மனதாரச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வயசுக் கோளாறு என்று பெரியவர்கள் தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளக் கூடாது. அந்தப் பந்தத்துக்கு உண்மையான காரணங்கள் உண்டு. ஆனால் நம் பிள்ளைகள் நேசிப்பது பனிமலைப் படத்தில் நிற்கிற ஓநாயை. நம் மண்ணின் ஓநாய் எதிரே வந்து நின்றால் தெருநாய் என்று கல்லெடுப்பார்கள். என் கவலை அதில்தான்.

கண்ணிலிருந்து தொடங்குவோம். ஓநாயின் கண்மணி கறுப்பு; அதைச் சுற்றிய வளையம் மஞ்சள் அல்லது வெளிர்பழுப்பு. அதனால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது தூரத்திலிருந்தே தெரியும். 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நாய்க் குடும்பத்தின் 25 இனங்களுடைய முகங்களை ஒப்பிட்டார்கள். பார்வையின் திசை பளிச்சென்று தெரிகிற இனங்கள் பெரும்பாலும் கூட்டமாக வாழ்ந்து வேட்டையாடுபவை. ஓநாய்கள் ஒன்றையொன்று நீண்ட நேரம் பார்க்கின்றன. பார்வையாலேயே சேதி சொல்கின்றன. மனிதக் கண்ணிலும் விழியைச் சுற்றி வெள்ளை இருப்பதால் நாம் எங்கே பார்க்கிறோம் என்பது எதிராளிக்குத் தெரிகிறது. ‘ஓநாய் என்னை ஊடுருவிப் பார்க்கிறது’ என்று ஒருவருக்குத் தோன்றினால், அவர் உடம்பு ஒரு உண்மையான சைகையைத்தான் படிக்கிறது.

அடுத்தது ஊளை. ஒரே ஓநாய் ஊளையிட்டால் நீண்டு இழையும் ஒரு குரல். இரண்டு மூன்று சேர்ந்தால் ஒன்றின் சுருதியில் இன்னொன்று நிற்காது. ஆளுக்கொரு சுருதி பிடித்து ஏற்றி இறக்கும். அதனால் மூன்று இருந்தால் பத்து இருப்பதுபோல் கேட்கும். எல்லையில் நிற்கிற அந்நியக் கூட்டத்தை ஏமாற்றவும் இது உதவலாம் என்று ஒரு கருத்து உண்டு. இங்கே ஒரு விஷயம்: ஏரிக்கரையிலும் கரும்புத் தோட்ட ஓரத்திலும் ராத்திரியில் நாம் கேட்பது பெரும்பாலும் நரிக்கூட்டம். கீச்சென்று ஏறி, உடைந்து உடைந்து வரும் குரல் அது.

இந்த இரண்டையும்விடப் பெரிய காரணம் குடும்பம். ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, போன வருடக் குட்டிகள், இந்த வருடக் குட்டிகள். அவ்வளவுதான். பாலூட்டிகளில் தகப்பன் குட்டி வளர்ப்பது அரிது. ஓநாயில் அது வழக்கம். ஏறக்குறைய 63 நாள் சினை. நம் நாட்டு ஓநாய் பெரும்பாலும் குளிர்காலத்தில், மண்வளையிலோ பாறை இடுக்கிலோ ஈனும். ஒரு ஈற்றுக்கு நான்கைந்து குட்டி. தாய் வளையை விட்டு நகராத நாட்களில் தகப்பனும் மூத்த பிள்ளைகளும் வேட்டையாடி, இறைச்சியை வயிற்றில் சுமந்து வந்து கக்கிக் கொடுக்கும். குட்டி பெரிய ஓநாயின் வாயோரத்தை நக்கினால் அதற்குக் கக்க வரும். உங்கள் வீட்டு நாய் நீங்கள் வேலை முடிந்து வந்ததும் எகிறி எகிறி முகத்தை நக்குகிறதே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஒரு பெரிய தப்பு நுழைந்தது. 1947இல் ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர், ஸ்விட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதினார். வெளியே போக வழியில்லாத ஓநாய்களின் சண்டையிலிருந்து, அடித்துப் பிடித்து மேலே ஏறுகிற ‘ஆல்ஃபா’ தலைவன் என்ற கருத்து பிறந்தது. அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய புத்தகம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 1986 முதல் பல கோடைகள் காட்டு ஓநாய்களைக் கூடவே இருந்து கவனித்தபின், 1999இல் அதைத் திருத்தி எழுதினார். காட்டில் கூட்டத்தை நடத்துவது அந்தக் குட்டிகளைப் பெற்ற தாய் தகப்பன் என்றார். தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடம் பல வருடம் கேட்டு, 2022இல் நிறுத்தவும் வைத்தார். அறிஞர் ஒருவர் தன் பேரெடுத்த நூலையே நிறுத்தச் சொல்வது சாதாரணக் காரியம் இல்லை. ஆனாலும் ‘ஆல்ஃபா’ ஆக வேண்டும் என்று இளைஞர்களுக்கு இன்றும் காணொளிகள் பாடம் நடத்துகின்றன. நாயை மல்லாக்கத் தள்ளி அமுக்கிப் பிடித்தால்தான் அடங்கும் என்று சில பயிற்சியாளர்கள் சொல்வதும் இதே பழைய கருத்தின் மிச்சம். அப்படி அமுக்கினால் நாய் பயப்படும். பயந்த நாய் ஒரு நாள் கடிக்கும்.

‘தனி ஓநாய்’ என்ற பெருமைப் பேச்சும் அப்படித் தப்பாகப் புரிந்துகொண்டதுதான். ஒரு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் இளம் ஓநாய் வீட்டைவிட்டுக் கிளம்பும். ஜோடியும் இடமும் தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்கூட நடக்கும். அதன் வாழ்க்கையில் ஆபத்து நிறைந்த காலம் அதுவே: சாலையில் அடிபடுவதும், அந்நியக் கூட்டத்திடம் மாட்டிச் சாவதும் அப்போதுதான் அதிகம். குடும்பம் அமைக்கத்தான் அது தனியாக அலைகிறது. தனிமையில் தவிக்கும் ஒரு பிள்ளை ‘நான் தனி ஓநாய்’ என்று எழுதிக்கொண்டால், அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். துணை தேடுகிற பருவம் என்று எடுத்துக்கொள்வது ஓநாயின் இயல்புக்கும் பொருந்தும்.

இனி நாய்க்கு வருவோம், ஏனென்றால் பந்தத்தின் பாதி அங்கே இருக்கிறது. நாயின் மூதாதை, இன்று அழிந்துபோன ஒரு பழைய ஓநாய்க் கூட்டம். ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்காசெல்லில் 1914இல் ஒரு புதைகுழி கிடைத்தது. ஏறக்குறைய 14,000 வருடப் பழமை. இரண்டு மனிதர்களோடு ஒரு நாய்க்குட்டியின் எலும்புகள். அதன் பற்களில், நாய்களைக் கொல்லக்கூடிய டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயின் தழும்பு. அந்த நோயோடு குட்டி பல வாரம் உயிரோடு இருந்திருக்கிறது. யாரோ தண்ணீர் கொடுத்து, சுத்தம் செய்து, பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும். நம் மண்ணும் இதற்குக் குறைந்ததில்லை. பழைய வடார்க்காட்டைச் சேர்ந்த, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்க நின்று இறந்த வீரனோடு, கள்ளரைக் கடித்துக் காத்த அவன் நாயையும் செதுக்கி, ‘கோவிவன்’ என்று அதன் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். செங்கம் பக்கம் போகிறவர்கள் விசாரித்துப் போய்ப் பாருங்கள்.

ஆனால் நாய் வேறு, ஓநாய் வேறு. 2015இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வொன்றில், நாயும் அதன் சொந்தக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தபோது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்ற பாசச் சுரப்பு கூடியது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. புருவத்தின் உள்முனையைத் தூக்கிப் பரிதாபமாகப் பார்க்க உதவும் தசை நாய்களுக்கு நன்றாக வளர்ந்திருப்பதையும், ஓநாயில் அந்த இடத்தில் சில இழைகளே இருப்பதையும் 2019இல் காட்டினார்கள். இன்னொரு முக்கியமான வித்தியாசம் குட்டிப் பருவம். ஓநாய்க்குட்டி இரண்டு வாரத்திலேயே தத்தித் தத்தி உலகத்தை ஆராயத் தொடங்கும். அப்போது மூக்கு மட்டுமே நன்றாக வேலை செய்யும். காதும் கண்ணும் இன்னும் தயாராகியிருக்காது. நாய்க்குட்டி நான்கு வாரத்தில்தான் தொடங்கும். அதற்குள் மூன்றும் தயார். ஆகவே ஓநாய்க்குட்டிக்குப் பின்னால் கேட்கிற, தெரிகிற எல்லாமே புதுசு, பயம். ஆய்வு மையங்களில் ஓநாயைப் பழக்க, பத்து நாள் வயதிலேயே எடுத்து, ராத்திரி பகலாகப் பல வாரம் ஆட்கள் மாறி மாறிக் கூடவே படுத்து வளர்க்கிறார்கள். அப்படியும் இரண்டு வயதில் பருவம் வந்ததும் அது எதிர்த்துப் பார்க்கும்.

வீட்டில் ஓநாய், ஓநாய்க் கலப்பு நாய் என்ற ஆசைக்கு இதுதான் பதில். சட்டமும் தெளிவு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓநாய் இருக்கிறது. வளையிலிருந்து குட்டியை எடுத்தால் மூன்று முதல் ஏழு வருடம் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

ஓநாய் கிடைக்காதவர்கள் ஓநாய்ச் சாயலுக்காக சைபீரியன் ஹஸ்கி வாங்குகிறார்கள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூரில், இரட்டை ரோமம் உள்ள பனிநாய்! ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நடைப்பயிற்சி காலை 6 மணிக்கு முன்னால் முடியட்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் நாயை நடக்க விடாதீர்கள். மொட்டையடிக்காதீர்கள், மேல்ரோமம் வெயிலையும் தடுக்கிறது. உதிர்கிற உள்ரோமத்தைச் சீப்பால் வாரி எடுத்தால் போதும். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38இலிருந்து 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. மூச்சிரைப்பு நிற்காமல், எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச் சிவந்து, கால் தள்ளாடினால் உடனே நிழலுக்கு எடுத்து, வயிறு, அக்குள், தொடை இடுக்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். ஈரத் துண்டால் போர்த்தி வைக்காதீர்கள். அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். தண்ணீர் ஊற்றியபடியே கால்நடை மருத்துவரிடம் போங்கள். வீட்டு நாய் வேண்டுமென்றால் நம் ஊர் நாட்டு நாய் இந்த வெயிலில் பிறந்து வளர்ந்தது. அதன் முகத்தில் இருப்பதும் அதே ஓநாய் வம்சம்தான்.

நம் ஓநாயின் அடையாளத்தைச் சொல்கிறேன். எடை சுமார் 20 கிலோ. வட அமெரிக்க ஓநாயில் பாதி. மண் நிறம், முதுகில் கறுப்புக் கலப்பு, குட்டை ரோமம். நீளமான கால், ஒடுங்கிய மார்பு, முன்னங்கால்கள் நெருங்கி இருக்கும். வால் சுருளாது, தொங்கும். நாய் அங்கே இங்கே முகர்ந்து வளைந்து போகும். ஓநாயின் தடம் நேர்கோட்டில் போகும். நரி ஏறக்குறைய அதில் பாதி எடைதான், கால் குட்டை. செந்நாய் செங்கல் நிறம், கறுத்த அடர்ந்த வால், ஊளையிடாது, விசிலடிக்கும். கழுதைப்புலிக்கு முதுகு பின்பக்கம் சரியும், உடம்பில் வரி இருக்கும். 2021இல் வந்த மரபணு ஆய்வு, இந்திய ஓநாய் உலக ஓநாய்களுக்குள் மிகப் பழமையான கிளைகளில் ஒன்று என்று காட்டியது. இந்தியா முழுவதும் இருப்பது ஏறக்குறைய 3,000, புலியைவிடக் குறைவு. தமிழ்நாட்டில் மிக அரிது. கர்நாடக, ஆந்திரத் தக்காணப் பகுதியில் இன்னும் ஆட்டுமந்தைகளை ஒட்டியே வாழ்கிறது.

அது காட்டு விலங்கு என்பதைவிடப் புல்வெளி விலங்கு என்பதுதான் சரி. புல்வெளியைத் தரிசு என்று எழுதி, தைலமரம் வைத்து, மிச்சத்தில் வேலிகாத்தான் ஏறவிட்டால், வெளிமானும் போகும், பின்னால் ஓநாயும் போகும். இப்போது தெருநாய்கள் வேறு. டிஸ்டெம்பரும் வெறிநோயும் அவற்றிடமிருந்து பரவுகின்றன. புனே அருகே நாயும் ஓநாயும் கலந்து குட்டி ஈன்றதை 2023இல் மரபணு ஆய்வு உறுதி செய்தது.

ஓநாயை நேசிப்பவர்கள் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1996இல் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும், 2024இல் அங்கே பஹ்ராய்ச்சிலும் ஓநாய்கள் குழந்தைகளைக் கொன்றன. அரிதாக நடப்பது, ஆனால் நடந்தது. பிள்ளையை இழந்த தாயிடம் போய் ஓநாயின் பெருமை பேச முடியாது.

ஆடு வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய. பட்டியில் சேதம் வந்தால் முதலில் காயத்தைப் பாருங்கள். தொடை, காது, வயிறு என்று கண்ட இடத்தில் கடித்து, பல ஆடுகளைக் குதறி, அதிகம் தின்னாமல் போயிருந்தால் பெரும்பாலும் தெருநாய். குரல்வளையில் ஆழமான பல்தடமும், ஆட்டைத் தூக்கிப் போன தடயமும் இருந்தால் காட்டு விலங்கு. வலைவேலி ஆறடி உயரம் வேண்டும். கண்ணி 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அடியில் ஒரு அடி மண்ணுக்குள் இறக்குங்கள், ஏனென்றால் தாவி வருவதைவிடத் தோண்டி நுழைவதே அதிகம். குட்டிகளைத் தனியாக மூங்கில் கூடையால் கவிழ்த்து மூடி, பட்டியின் நடுவில் வையுங்கள். மினுக்கும் விளக்கு கட்டினால் மூன்று நான்கு நாளுக்கொரு முறை இடம் மாற்றுங்கள். ஒரே இடத்தில் தொங்கினால் விலங்கு பழகிவிடும். காவல்நாய்க்கு ஆணி வைத்த கழுத்துப்பட்டை போடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஸ்டெம்பர் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடந்தோறும். செத்த ஆட்டை ஏரிக்கரையில் வீசாதீர்கள். சுண்ணாம்பு தூவி ஆறடி ஆழத்தில் புதையுங்கள். வீசிய இறைச்சிதான் தெருநாய்க் கூட்டத்தை வளர்க்கிறது.

செத்த உடலில் விஷம் தடவ வேண்டாம். உங்கள் காவல்நாயே முதலில் தின்னும், அது குற்றமும்கூட. காட்டு விலங்கு என்று சந்தேகம் வந்தால் உடலை நகர்த்தாமல் படம் எடுத்து, அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் சொல்லி, கால்நடை மருத்துவரிடம் பரிசோதனைச் சான்று வாங்குங்கள். இழப்பீட்டு மனுவுக்கு அந்தச் சான்று அவசியம். புதைத்தபின் கேட்டால் கிடைக்காது. நாயோ, நரியோ, ஓநாயோ ஆளைக் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசியைத் தொடங்குங்கள். ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் ஊசியையும் கேட்டு வாங்குங்கள்.

நன்றி, வணக்கம்.