கடைமடைக்கு வந்து சேரும் மின்சாரம்

நேயர்களுக்கு வணக்கம். வாய்க்கால் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தலைமடை, கடைமடை என்ற சொற்களை நான் விளக்க வேண்டியதில்லை. மின்சாரத்துக்கும் கடைமடை உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மின்பாதைப் பணியில் இருந்தவன் நான். அந்தக் கடைமடையையும், இன்று பெருகிவரும் தரவு மையங்களால் (டேட்டா சென்டர்) அதற்கு என்ன ஆகிறது என்பதையும் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1980களில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு சிற்றூர். மின்பாதையின் கடைசி டிரான்ஸ்பார்மர் அங்கேதான் நின்றது. அதற்கு அப்பால் உப்பளம், பிறகு கடல். ஒரு நாள் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் சைக்கிளில் வந்து நின்றார். "தம்பி, மோட்டார் மறுபடியும் எரிந்துவிட்டது. நீங்களே வந்து பாருங்கள்" என்றார். போனேன். மோட்டார் கொட்டகைக் கதவைத் திறந்ததுமே வார்னிஷ் தீய்ந்த வாசனை. மோட்டாரின் மேல் கை வைத்தேன். நிறுத்தி இரண்டு மணி நேரம் ஆகியும் சூடு ஆறவில்லை. அந்த ஆண்டில் மூன்றாவது முறையாக மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், கட்டப் போகிறார்.

பேரிங்கைப் பாருங்கள், ஃபுட்வால்வைப் பாருங்கள் என்று வழக்கமாகச் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. சுவரில் ஆணியில் குத்தியிருந்த நாள்காட்டித் தாள்களை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு தாளின் பின்புறமும் பென்சிலால் எழுதியிருந்தார். "மாலை 6.40, விளக்கு மங்கியது. 7.10, மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை." அடுத்த தாளிலும் ஏறக்குறைய அதே நேரம். அதற்கடுத்த தாளிலும் அப்படியே. விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதே பாதையில் ஆறு கிலோமீட்டர் மேலே புதிதாக ஓர் ஐஸ் ஆலை வந்திருந்தது. மறுநாள் மாலை வோல்ட்மீட்டருடன் போய் உட்கார்ந்தேன். 230இல் நிற்க வேண்டிய முள் 160க்கு இறங்கியது.

இதில் யாரும் மின்சாரத்தைத் திருடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஐஸ் ஆலை முறையாக இணைப்பு வாங்கி, முறையாகக் கட்டணம் கட்டியது. ஆனால் கம்பி ஒன்றுதான். மேலே அதிகமாக இழுத்தால் கீழே அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால், அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். காயில் சூடேறி எரியும். தலைமடைக்காரர் சுமை ஏற்ற, கடைமடைக்காரரின் காயில் எரிந்தது.

இப்போது தரவு மையங்களுக்கு வருகிறேன். நீங்கள் கைப்பேசியில் பணம் அனுப்பினாலும், படம் பார்த்தாலும், அந்த வேலை நடப்பது டேட்டா சென்டர் என்ற இந்தக் கட்டடங்களில்தான். அரிசி ஆலை இரவில் ஓய்வெடுக்கும். இவற்றுக்கு ஓய்வே கிடையாது. 100 மெகாவாட் மையம் ஒன்று இழுக்கும் மின்சாரத்தில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார்கள் 20,000க்கும் மேல் ஒரே நேரத்தில் ஓடலாம். மையத்தின் கணினிகளைக் குளிரூட்டவும் மின்சாரம் வேண்டும்.

பெரிய மையங்கள் கிராமத்து டிரான்ஸ்பார்மரில் இணைப்பு வாங்குவதில்லை. உயர் அழுத்தப் பாதையிலிருந்து நேராக எடுத்துக்கொள்கின்றன. ஆகவே அந்தப் பெரியவர் வீட்டு விளக்கைப் போல இங்கே விளக்கு மங்காது. கடைமடை வேறு விதமாகக் காயும்.

அயர்லாந்தைப் பாருங்கள். 1946இல் அங்கே கிராம மின்மயத் திட்டம் தொடங்கியது. சுமார் பத்து லட்சம் கம்பங்கள் நட்டார்கள். பெரும்பாலானவை பின்லாந்து மரங்கள். எட்டாத பள்ளத்தாக்குகளுக்கு வெளிச்சம் போய்ச் சேர முப்பது ஆண்டு பிடித்தது. அந்த நாட்டின் மொத்த மின் நுகர்வில் 2015இல் தரவு மையங்களின் பங்கு 5 விழுக்காடு. 2023இல் 21 விழுக்காடு. அதே 2023இல் நாட்டின் கிராமப்புற வீடுகள் அத்தனையும் சேர்ந்து பயன்படுத்தியது 10 விழுக்காடு. முப்பது ஆண்டு கம்பம் நட்டு ஒளியேற்றிய வீடுகளைப் போல இரு மடங்கை, எட்டே ஆண்டில் வளர்ந்த கட்டடங்கள் எடுத்துக்கொள்கின்றன. பயிர் செய்தவன் பார்த்துக்கொண்டிருக்கப் பக்கத்து வயலுக்கு மடை திரும்புவதைப் போன்றது இது.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் லவுடன் கவுண்டி, ஒரு காலத்தில் பால்பண்ணைகள் நிறைந்த பூமி. இன்று உலகிலேயே தரவு மையங்கள் மிக நெருக்கமாக நிற்கும் இடம் அது. இந்தப் பகுதியில் ஏறிவரும் மின்தேவைக்காக, பக்கத்து மேரிலாந்து மாநிலத்தின் பண்ணை நிலங்களின் குறுக்கே ஏறத்தாழ 67 மைல் நீளத்துக்கு 500 கிலோவோல்ட் பாதை போடத் திட்டமிட்டிருக்கிறார்கள். நிலத்தை அளக்க வந்தவர்களைப் பண்ணையாளர்கள் உள்ளே விட மறுத்து, வழக்கு நீதிமன்றம் வரை போனது. கொங்கு நாட்டு விவசாயிகள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்துப் போராடியதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை புரியும். கோபுரம் நிற்பது ஒருவர் வயலில், மின்சாரம் போவது வேறோர் ஊருக்கு.

கட்டணத்தையும் பாருங்கள். அந்த வட்டாரத்தில், உச்சத் தேவைக்கு மின் நிலையங்களைத் தயாராக வைத்திருக்க ஏலத்தில் விலை வைப்பார்கள். 2024இல் நடந்த ஏலத்தில், ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 28.92 டாலராக இருந்த விலை 269.92 டாலராக ஏறியது. தரவு மையங்களின் தேவை அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தச் செலவில் ஒரு பங்கு, தரவு மையத்தைக் கண்ணால் பார்த்திராத பண்ணை வீட்டின் ரசீதிலும் வந்து விழுகிறது.

சென்னையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் நெருங்குகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். கடலடி இணையக் கம்பிகள் கரையேறும் ஊர் என்பதால் சிறுசேரி, அம்பத்தூர்ப் பக்கம் இந்த மையங்கள் பெருகுகின்றன. தமிழக அரசு 2021இல் இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. மையங்கள் வரட்டும். ஆனால் புதிய பாதைக்கும் துணைமின் நிலையத்துக்கும் ஆகும் செலவை, சுமை கேட்பவர்தான் ஏற்க வேண்டும். மும்முனை மின்சாரத்துக்கு முறை வைத்துக் காத்திருக்கும் உழவரின் தலையில் அது ஏறக்கூடாது.

இந்தக் கட்டடங்கள் குடிக்கும் தண்ணீரைப் பற்றிப் பேச இன்று முடியவில்லை. பாதையின் கடைசியில் இருக்கும் நேயர்களே, விளக்கு மங்கும் நேரத்தைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். அந்தப் பெரியவரின் தாள்களை மனுவோடு கோத்துத்தான் நான் மேலிடத்துக்கு அனுப்பினேன். பதினொரு மாதத்தில் அந்த ஊருக்குத் தனிப் பாதை வந்தது. நன்றி, வணக்கம்.