எழுதிக் கொடுத்தால் திருந்திவிட்டான் என்று அர்த்தமா?

(மேலூர் பக்கத்தில் மகளிர் குழுக்களும் ஊராட்சி உறுப்பினர்களும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் பேசியது. பேச்சை அப்படியே எழுதினால் படிக்க முடியாது என்பதால் கொஞ்சம் சரிசெய்திருக்கிறேன்.)

அக்காமார்களே, தங்கச்சிகளே, பின்னால் சுவரோரமாக நிற்கிற அண்ணன்மார்களே, வணக்கம். நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், இன்றைக்குப் பேச்சு உங்களைப் பற்றித்தான்.

பெண்டாட்டியை அடிக்கிற ஆணை என்ன செய்வது? அடிபட்டவளை எங்கே தங்கவைப்பது, யாரிடம் மனு கொடுப்பது என்பதையெல்லாம் ஓரளவு பேசிவிட்டோம். அடித்தவன் விஷயத்தில் நமக்கு இரண்டே யோசனைதான்: பிடித்து உள்ளே போடு, இல்லையென்றால் பேசிச் சேர்த்து வை. உள்ளே போனவன் ஒருநாள் வெளியே வரத்தான் செய்வான். சேர்த்து வைக்கிற லட்சணம் உங்களுக்கே தெரியும். இரண்டு பக்கமும் நாலு பெரிய மனுஷர்கள், பெண்ணுக்குத் தாய்மாமன் ஒருத்தர், மத்தியானம் வரைக்கும் பேச்சு, "அவளும் கொஞ்சம் வாயைக் குறைக்கணும்" என்று ஒரு தீர்ப்பு, "இனிமே கை நீட்ட மாட்டேன்" என்று ஒரு தாளில் கையெழுத்து, எல்லாருக்கும் டீ, அப்புறம் அதே பைக்கில் அவன் பின்னாலேயே அவளை ஏற்றி அனுப்பிவிடுகிறோம். இதற்கு இப்போது கவுன்சலிங் என்று பெயர் வேறு வைத்துவிட்டோம்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், 18 முதல் 49 வயதுக்குள் திருமணமான பெண்களிடம் கேட்டபோது, தமிழ்நாட்டில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுவதற்குமான கணக்கு 29.3. படிப்பிலும் ஆஸ்பத்திரி வசதியிலும் முன்னால் நிற்கிற மாநிலம் இதிலும் முன்னால்தான் நிற்கிறது.

அமெரிக்காவில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். 1977-ல் பாஸ்டன் நகரத்தில் எமெர்ஜ் என்ற அமைப்பு, அடிக்கிற ஆண்களுக்கென்றே ஒரு வகுப்பை ஆரம்பித்தது. 1980களின் தொடக்கத்தில் மினசோட்டா மாநிலத்து டுலூத் என்ற ஊரில் எலன் பென்ஸ் என்ற அம்மாவும் கூட இருந்தவர்களும் தொடங்கியதுதான் இன்று பல நாடுகளில் பின்பற்றுகிற முறை. கோர்ட் அனுப்பிவைக்கிறது, ஆண்கள் வாரம் ஒருநாள் குழுவாக உட்கார்ந்து பேசுகிறார்கள், டுலூத்தில் ஏறக்குறைய ஆறு மாதம், கலிபோர்னியாவில் சட்டப்படியே 52 வாரம். நடத்துகிறவர்கள் பெரும்பாலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ஒரு பெண் சொல்வதை எதிரே உட்கார்ந்து கேட்பதே சில பேருக்கு அங்கேதான் முதல் அனுபவம்.

அங்கே முதல் வேலை, என்ன செய்தாய் என்பதை அவனே சொல்ல வேண்டும். "கை பட்டிருச்சு", "அவ பேசின பேச்சுக்கு" என்றெல்லாம் ஆரம்பித்தால் நிறுத்திவிடுவார்கள். நான் அடித்தேன், எங்கே அடித்தேன், பிள்ளை எங்கே நின்றது, அடிப்பதற்கு முன்னால் மனதில் என்ன ஓடியது, அடித்ததில் எனக்கு என்ன கிடைத்தது என்று வரிசையாகக் கேட்பார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். ஏனென்றால் கிடைக்கிறது, நிஜமாகவே கிடைக்கிறது: அடுத்த நாள் அவள் எதிர்த்துப் பேசுவதில்லை, அம்மா வீட்டுக்குப் போவதைப் பற்றிக் கேட்பதில்லை, குழுக் காசைக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். 1984-ல் டுலூத்தில் அடிபட்ட பெண்கள் சொன்னதைக் கேட்டுத்தான், ஆண் எப்படியெல்லாம் அடக்கிவைக்கிறான் என்று ஒரு சக்கரப் படம் வரைந்தார்கள். பணத்தைக் கையில் வைத்துக்கொள்வது, சொந்தபந்தத்திடமிருந்து பிரிப்பது, பிள்ளையை வைத்து மிரட்டுவது, செய்ததை இல்லை என்பது என்று எட்டுப் பிரிவு. அடி என்பது வெளி வட்டம், மற்றதையெல்லாம் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான்.

"இல்லங்க, அவர் கோபக்காரர்" என்பீர்கள். அந்தக் கோபக்காரர்தான் மாட்டுத்தாவணியில் டிராபிக் போலீஸ் "ஓரமா நிறுத்துடா" என்றால் சார் சார் என்கிறார், வட்டிக்காரன் வாசலில் நின்று கத்தினால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். கதவைச் சாத்திய பிறகுதான் அந்தக் கோபத்துக்குக் கை முளைக்கிறது, அதுவும் ரவிக்கை மறைக்கிற இடமாகப் பார்த்து விழுகிறது.

சரி, குடி? டாஸ்மாக்கை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மில் பாதிப் பேர் நம்புகிறோம். குடி அடியை மோசமாக்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கோவாவில் குடிப்பழக்கத்தால் அவதிப்பட்ட 377 ஆண்களிடம் ஒரு குறுகிய ஆலோசனை முறையைச் சோதித்து 2017-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஆலோசனை கிடைத்தவர்களில் கடைசி பதினாலு நாளில் குடிக்கவே இல்லை என்றவர்கள் 42 சதவீதம், கிடைக்காதவர்களில் 18. நல்ல பலன்தான். ஆனால் மனைவியை அடிப்பதில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாட்டிலைப் பிடுங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்படியென்றால் அந்த வகுப்புகளாவது வேலை செய்கிறதா? இங்கே நான் உங்களை ஏமாற்றக் கூடாது. 2004-ல் ஜூலியா பாப்காக் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கைதும் தண்டனையும் மட்டும் பெற்றவனின் மனைவியைவிட, அதோடு வகுப்புக்கும் போனவனின் மனைவி மறுபடி அடிபடுகிற வாய்ப்பு 5 சதவீதம்தான் குறைவு. அவ்வளவுதானா என்று எனக்கும் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் எட்வர்ட் கண்டால்ஃப் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நான்கு நகரங்களில் 840 ஆண்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது: பாதியில் நின்றவர்கள் மறுபடி அடிப்பது அதிகம், வராவிட்டால் கோர்ட் உடனே கூப்பிட்டுக் கேட்கிற ஊரில் நிற்காமல் வருகிறவர்கள் அதிகம். வகுப்பின் பலம் வகுப்புக்குள் மட்டும் இல்லை. வராதவனைத் தேடிப் போகிற போலீசும், தேதி தள்ளாத கோர்ட்டும், அவளுக்குத் தங்க ஓர் இடமும் கூடவே இருந்தால்தான் அது நிலைக்கும்.

2015-ல் பிரிட்டனில் மிராபல் என்ற ஆய்வு வந்தது. அதில் திருந்தினானா என்பதை அவனிடம் கேட்கவில்லை, பெண்களிடம் கேட்டார்கள். ஆயுதத்தால் தாக்குவது போன்றவை ஏறக்குறைய நின்றே போயின, ஆனால் பணத்திலும் வெளியே போய் வருவதிலும் கட்டுப்படுத்துவது அந்த அளவுக்குக் குறையவில்லை. அடி நின்றது மட்டும் போதாது, பயப்படாமல் முடிவெடுக்கவும் வெளியே போய் வரவும் இடம் வேண்டும் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். நல்ல திட்டம் என்றால் மனைவியோடு தனியாகத் தொடர்பு வைத்திருக்க ஓர் ஆள் கட்டாயம் இருப்பார். அவள் சொல்வதை அவனிடம் சொல்ல மாட்டார்கள். ஆபத்து தெரிந்தால் அவளுக்கு முதலில் தகவல் போகும். இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசவும் மாட்டார்கள், அவன் பக்கத்தில் இருக்கும்போது அவள் வாயிலிருந்து வருவது அவன் எழுதிக் கொடுத்த வசனம்தான்.

நம் சட்டம் இதற்கு வழி வைக்கவில்லையா என்றால், வைத்திருக்கிறது. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில், ஆலோசனைக்குப் போகச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு, தனித்தனியாகவும் அனுப்பலாம். 2006 விதிகளில் 14-ஆவது விதியைப் படித்துப் பாருங்கள்: அடித்ததற்கு நியாயம் சொல்ல அங்கே இடமில்லை என்பதை ஆரம்பிக்கும் முன்னாலேயே அவனிடம் சொல்லிவிட வேண்டும். "அவளும் வாயைக் குறைக்கணும்" என்கிற நம் பெரிய மனுஷர்கள் தீர்ப்புக்கு நேர் எதிரான சட்டம் இருபது வருஷமாகப் புத்தகத்தில் இருக்கிறது. அவளைத் தொடக் கூடாது என்று மாஜிஸ்திரேட் போடுகிற பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊராட்சி உறுப்பினர்கள் வந்திருக்கிறீர்கள், அடுத்த முறை பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டால் தாளில் கையெழுத்து வாங்காமல் இந்தச் சட்டத்துக்கென்றே இருக்கிற மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் அனுப்பிவையுங்கள். வகுப்பு தொடங்கக் காசு கேட்டுப் போகும்போதும் ஒன்று சொல்லுங்கள், பெண்கள் விடுதிக்கு ஒதுக்கியதில் கைவைத்து ஆண்கள் வகுப்பு வேண்டாம்.

கடைசியில் ஒரு அக்கா கேட்டார்கள், "அவர் இப்ப கவுன்சலிங் போறாராம், நான் திரும்பிப் போகலாமா?" என்று. டெக்சாஸ் மாநிலப் பெண்கள் விடுதிகளில் இதே கண்டால்ஃப் பார்த்தபோது, பெண்கள் திரும்பிப் போக முடிவெடுக்கப் பெரிய காரணமாக இருந்ததே கணவன் ஆலோசனைக்குப் போகிறான் என்ற செய்திதான். போகிறான் என்பது மட்டும் எதையும் காட்டாது அக்கா. பிள்ளைகளின் செலவுக்குக் கேட்காமலே அனுப்புகிறாரா, நீங்கள் முடியாது என்று சொன்னபோது என்ன செய்தார், நீங்கள் போன் எடுக்காவிட்டால் எத்தனை தடவை திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார் என்று உங்கள் அம்மா வீட்டில் இருந்தபடியே சில மாதம் பாருங்கள். அதற்குள் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள்.