வெள்ளி முகமூடிக்குப் பின்னால்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, என்னை இங்கே பேச அழைத்த நூலகச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த பெரியவர் அவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: மன்னன், படம், முகமூடி.

'முளையிலே கிள்ளாதது முற்றினால் கோடாலி' என்பார்கள். எருசலேம் மன்னன் நான்காம் பால்ட்வினின் கதையே ஒரு கிள்ளலில்தான் தொடங்குகிறது. ஒன்பது வயதில் அவனைத் தீரு நகர வில்லியம் என்ற அறிஞரிடம் படிக்க விட்டார்கள். பிரபு வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட்டு. விளையாட்டு என்றால், ஒருவன் கையை மற்றவன் நகத்தால் கிள்ளுவது! மற்ற பிள்ளைகள் 'ஆ' என்று அலறுகிறார்கள். இவன் மட்டும் பேசாமல் நிற்கிறான். 'அடடா, என்ன பொறுமை!' என்று ஆசிரியர் மகிழ்ந்துபோனார். மறுபடியும் அப்படியே, மறுபடியும் அப்படியே. அருகில் அழைத்துக் கையைத் தொட்டுப் பார்க்கிறார். வலக்கை பாதி மரத்துப்போயிருக்கிறது! தொழுநோயின் தொடக்கம் அது. வில்லியமே இதை எழுதி வைத்திருக்கிறார். அந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்தப் பிள்ளை 1174-இல் முடிசூடினான். 1177-இல், 16 வயதில், மோன்ஜிசார் போர்க்களத்தில் எகிப்து சுல்தான் சலாதீனை முறியடித்தான். பின்னர் பார்வை போயிற்று, கைகால் போயிற்று. பல்லக்கில் படுத்தபடியே படையோடு சென்றான். 1185-இல், 24 வயது நிறையுமுன் இறந்தான்.

இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் 'கிங்டம் ஆஃப் ஹெவன்' என்ற ஆங்கிலப் படம் 2005-இல் வந்தது. அதில் நடிகர் எட்வர்ட் நார்டன் வெள்ளி முகமூடிக்குள் இருந்தே குரலால் அந்த மன்னனுக்கு உயிர் கொடுத்தார். அவரை வணங்குகிறேன். ஆனால் அக்கால வரலாற்றாசிரியர் எவரும் முகமூடியைப் பற்றி எழுதவில்லை. நோயாளியின் முகத்தை மறைத்தால்தான் மக்கள் பார்ப்பார்கள் என்று சினிமா நினைப்பதுதான் என் வருத்தம். நம் நாட்டில், தொழுநோயைக் காட்டி மணவிலக்கு கேட்க இடம் தந்த சட்டப் பிரிவுகளை 2019-இல்தான் நீக்கினார்கள். 'குஷ்டரோகி' என்ற சொல்லை நம் வாயிலிருந்து எப்போது நீக்கப்போகிறோம்?

முளையிலே கிள்ளுங்கள், ஐயா! பால்ட்வினுக்கு மருந்து இல்லை. நமக்கு இருக்கிறது. 6 மாதமோ 12 மாதமோ கூட்டு மருந்து, அரசு மருத்துவமனையில் இலவசம். வெளிறிய தேமல், அதில் தொடுஉணர்வு இல்லை என்றால் அன்றைக்கே போங்கள்.

வாசலில் செவிலியர் தங்கைகள் இருவர் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளை முதலில் அனுப்புங்கள்.